பழைய ஒலிபெருக்கியைப் புதுக்குதல்

கிதார் நரம்பின் அதிர்வால் எழும் சிறு மின்னலையைப் பன்மடங்காக்கி முழங்கச் செய்வது ஒலிபெருக்கியாகும். 1950களில் அமெரிக்காவின் பெண்டர் நிறுவனத்தார் வெற்றிடக் குழல்கள் கொண்டு செய்த 'பாஸ்மன்' என்னும் ஒலிபெருக்கியை இசைவாணர் இன்றும் போற்றுவர்.

நாட்பட்டதும் அதன் மின்தேக்கிகளின் உள்நீர்மம் வற்றும், இரைச்சல் மிகும். அவற்றை மாற்றுதல் வேண்டும். ஆயின், மின்னிணைப்பைத் துண்டித்த பின்னரும் அவற்றுள் 400 வோல்ட்டு அளவில் மின்னழுத்தம் தங்கியிருத்தல் கூடும். அறியாது தொட்டவர் உயிரிழக்கவும் நேரும். ஆதலின் வல்லுநர், மின்தடை ஒன்றின் வழியே அதனை வடித்து, அளவியால் அளந்து தெளிந்த பின்னரே கைவைப்பர். பழைய இருகம்பி வடத்தை நீக்கி, நிலத்தொடர்புள்ள மூன்றுகம்பி வடத்தைப் பொருத்துவர்.

பழுதில்லா மின்மாற்றியை மாற்றார். அக்கருவியின் தனிக்குரல் அதனாலும் அமைந்ததன்றோ! புதிதாகச் செய்யும் மாற்றங்களையும் முந்தைய நிலைக்கு மீட்கத்தக்கவாறே செய்வர்.