‘ஹிட்ஸ் க்ளோஸ் டு ஹோம்’: யார், யாரிடம் சொல்லலாம்?

2025 ஏப்ரல் 1, நோன்புப் பெருநாளின் இரண்டாம் நாள். காலை 8 மணிக்குப் பிறகு, சுபாங் ஜெயாவின் புத்ரா ஹைட்ஸ் பகுதியில் பெட்ரோனாஸ் எரிவாயு குழாய் வெடித்துத் தீப்பற்றியது. நூற்றுக்கும் மேற்பட்டோர் காயமடைந்தனர். பல வீடுகள் எரிந்தன. தீப்பிழம்பு பல கிலோமீட்டர் தொலைவிலும் தெரிந்தது.

இப்படி ஒரு செய்தி வரும்போது நம்மில் பலர் சட்டென்று சொல்லும் ஆங்கில வாசகம், ‘திஸ் ஹிட்ஸ் க்ளோஸ் டு ஹோம்’.

அர்த்தம் என்ன?

சொல்லுக்குச் சொல் மொழிபெயர்த்தால் ‘வீட்டுக்குப் பக்கத்தில் அடிக்கிறது’ என்று வரும். அது பொருந்தாது. இங்கே ‘ஹோம்’ என்பது கட்டடம் இல்லை, நம் சொந்த வாழ்க்கை. யாருக்கோ நடந்தது நமக்கும் நடந்திருக்கலாமே என்று மனம் கலங்குவதைத்தான் இது குறிக்கிறது. தமிழில், ‘நம்ம வீட்டுல நடந்த மாதிரி இருக்கு’ என்போம்.

‘ஹிட் ஹோம்’ வேறயா?

ஆமாம். ‘க்ளோஸ்’ இல்லாமல் ‘ஹிட் ஹோம்’ என்றால் ‘உறைத்தது’ என்று பொருள். ‘தாமான் பக்கத்திலேயே எரிவாயு குழாய் போகுதுன்னு அன்னிக்குத்தான் உறைச்சது’ என்பது ‘ஹிட் ஹோம்’. முதலாவதில் நெருக்கம் முக்கியம்; இதில் ஓர் உண்மை மனதில் பதிவது முக்கியம்.

யார் சொல்லலாம்?

யூஎஸ்ஜேயில் இருந்து அந்தத் தீயைப் பார்த்தவர் சொல்லலாம். புத்ரா ஹைட்ஸில் சித்தி குடும்பம் இருப்பவரும் சொல்லலாம். ஆனால், வீட்டை இழந்து நிவாரண மையத்தில் இருப்பவரிடம் போய் இதைச் சொன்னால்? ‘க்ளோஸ்’ என்றால் ‘பக்கத்தில்’. அவருக்கு அது பக்கத்தில் நடக்கவில்லை, வீட்டிலேயே நடந்தது. அதோடு, பேச்சு அவருடைய இழப்பில் இருந்து நம்முடைய உணர்வுக்குத் திரும்பிவிடுகிறது.

‘தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும்’ என்று நம் பெரியவங்க சொல்வாங்க. மலாயிலும் ‘பெராட் மாத்தா மெமான்டாங், பெராட் லாகி பாஹு மெமிக்குல்’ என்ற பழமொழி உண்டு. பார்க்கும் கண்ணுக்குப் பாரம்தான். சுமக்கும் தோளுக்கு அதைவிடப் பாரம் என்று அர்த்தம்.

எனவே, நண்பர்களோடு பேசும்போது, நமக்கு ஏற்பட்ட கலக்கத்தைச் சொல்ல இந்த வாசகத்தைத் தாராளமாகப் பயன்படுத்துங்கள். பாதிக்கப்பட்டவரிடம் பேசும்போது, ‘எல்லாரும் பத்திரமா இருக்கீங்களா? என்ன வேணும்?’ என்று கேளுங்கள். அது போதும்.