கயிற்றில் தொங்கும் ஒரு ரூபாய்

(மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல்)

எங்கள் வீட்டுத் திண்ணையில் ஒரு பெட்டிக்கடை இருக்கிறது. அம்மாதான் முதலாளி, அம்மாதான் சிப்பந்தி. லீவு நாளில் கல்லாவில் உட்காருவது என் வேலை. கடை வாசலில் சரம் சரமாகத் தொங்குகிறதே ஷாம்பு பாக்கெட், அதைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். "மெக்கானிக்கல் படிக்கிறவனுக்கு ஷாம்பு எதுக்குடா?" என்று நண்பர்கள் கேட்பது காதில் விழுகிறது. கொஞ்சம் பொறுங்கள், மெஷினும் வரும்.

முன்பெல்லாம் ஷாம்பு என்றால் பாட்டில்தான். மாதச் சம்பளக்காரர் வீட்டுப் பொருள். என் பாட்டிக்குக் கடைசிவரை சீயக்காய்தான். ஷாம்பு பிடிக்காமல் இல்லை. அன்னாடம் கூலி வாங்கி அன்னாடம் அரிசி வாங்குகிறவர் ஒரு பாட்டிலுக்கு மொத்தமாகப் பணம் எடுத்து வைக்க முடியுமா? கையில் காசே இல்லை என்பதல்ல விஷயம். காசு சில்லறை சில்லறையாக வருகிறது, பொருளோ மொத்தமாக இருக்கிறது.

இதைக் கண்டுபிடித்தவர் பெரிய நகரத்துக்காரர் இல்லை, நம்ம கடலூர்க்காரர். சின்னி கிருஷ்ணன் என்பவர் முகப்பவுடரையும் எப்சம் உப்பையும் சின்னச் சின்னப் பொட்டலமாக விற்றவர். கூலிக்காரரும் வாங்கும்படி பொருள் இருக்க வேண்டும் என்பது அவர் எண்ணம். 1980 வாக்கில் அந்தக் குடும்பத்திலிருந்து வெல்வெட் ஷாம்பு பாக்கெட்டில் வந்தது. 1983-ல் அவருடைய மகன் சி.கே.ரங்கநாதன் குடும்பத் தொழிலை விட்டுப் பிரிந்து, 15,000 ரூபாய் முதலில் சிக் ஷாம்புவைத் தொடங்கினார். இன்றைய கெவின்கேர் கம்பெனி அதிலிருந்து வளர்ந்ததுதான்.

அவர் விற்ற விதம்தான் எனக்கு ரொம்பப் பிடித்தது. ஷாம்புவே தெரியாத கிராமத்தில் போய், பையன்களை உட்கார வைத்து எல்லோர் முன்னாலும் தலையை அலசிக் காட்டினார்கள். 'தொட்டுப் பாருங்க, மோந்து பாருங்க' என்றார்கள். ரஜினி படம் போட்டு, நடுவில் விளம்பரம் காட்டி, படம் முடிந்ததும் இலவச பாக்கெட் கொடுத்தார்கள். பிறகு, எந்தக் கம்பெனி ஷாம்புவானாலும் சரி, 5 காலி பாக்கெட் கொடுத்தால் ஒரு சிக் இலவசம் என்றார்கள். அது பழகியதும், காலி பாக்கெட்டும் சிக்காகவே இருக்க வேண்டும் என்று மாற்றிவிட்டார்கள்! மல்லிகை, ரோஜா வாசனையும் வந்தது. தலையில் பூ வைக்கிற ஊரில் அது எடுபடாமல் போகுமா? 1999-ல் 50 பைசாவுக்கே பாக்கெட் வந்தது. பெரிய கம்பெனிகளும் நம்ம கடலூர் வழிக்கே வர வேண்டியதாயிற்று.

சொன்னபடி மெஷினுக்கு வருகிறேன். இன்பிளாண்ட் டிரெய்னிங்கில் ஒரு பேக்கிங் யூனிட்டில் நின்று பார்த்தேன். ரோலிலிருந்து இறங்கும் ஃபிலிமை காலர் என்ற பாகம் குழாயாக மடிக்கிறது. சூடான தாடைகள் பக்கத்தையும் அடியையும் ஒட்டுகின்றன. பிஸ்டன் ஷாம்புவை அளந்து விடுகிறது. ஒரு பாக்கெட்டின் வாயை ஒட்டும் தாடையே அடுத்ததன் அடியையும் ஒட்டிவிடுகிறது. நடுவில் ஒரு பல் வைத்த கத்தி கோடு போடும். அதனால்தான் சரமாகத் தொங்குகிறது, கடையில் 'சரக்'கென்று கிழிக்க முடிகிறது.

அங்கே ஆபரேட்டர் அண்ணன் ஒரு விஷயம் காட்டினார். பிஸ்டனின் ஸ்ட்ரோக்கைக் கொஞ்சம் குறைத்தால் 6 மில்லி 5 மில்லி ஆகிவிடும். பாக்கெட் அதே, விலை அதே ஒரு ரூபாய். பல வருஷமாக அந்த ஒரு ரூபாய் ஏன் ஏறவில்லை என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. ஏறாமல் இல்லை, உள்ளே இறங்கியிருக்கிறது. காரணம் நாணயம். 25 பைசாவும் அதற்குக் கீழே உள்ள காசும் 2011 ஜூன் 30-ஓடு செல்லாமல் போயின. 50 பைசா செல்லும் என்றாலும் எங்கள் கடையில் யாரும் வாங்குவதில்லை. ஆக ஒரு ரூபாய்க்கு அடுத்த படி இரண்டு ரூபாய்தான். ஒரேயடியாக இரட்டிப்பாக்கினால் ஆள் அடுத்த சரத்துக்குப் போய்விடும். 2025 செப்டம்பர் 22-ல் ஷாம்புக்கு ஜி.எஸ்.டி. 18-லிருந்து 5 சதவீதமாகக் குறைந்தபோதும் இதே சிக்கல்தான். ஒரு ரூபாயில் ஏறக்குறைய 11 பைசா குறைய வேண்டும். 11 பைசாவை அம்மா எந்தக் கல்லாவிலிருந்து எடுத்துக் கொடுப்பார்? மில்லியைக் கூட்டினால்தான் உண்டு.

வகுப்பில் சார் ஒருநாள், "சின்ன பாக்கெட் ஏழையை ஏமாற்றும் வேலை" என்றார். எனக்குச் சுருக்கென்றது. எங்கள் கடை அப்போ ஏமாற்றுக் கடையா? வீட்டுக்கு வந்ததும் கணக்கு போட்டேன். 5 மில்லி பாக்கெட் 16 சேர்ந்தால் 80 மில்லி, 16 ரூபாய். அதே ஷாம்பு 80 மில்லி பாட்டில் அதற்கு இரண்டு மடங்குக்கும் மேல்! ஷாம்புவில் பாக்கெட்டே லாபம். ஆனால் சாருக்காக இன்னொன்றும் சொல்ல வேண்டும். தேங்காய் எண்ணெயில் கணக்கு தலைகீழ். சின்னதாக வாங்குகிறவர்தான் அங்கே அதிகம் கொடுக்கிறார்.

பெரியவர்களுக்குள்ளும் இந்தச் சண்டை உண்டு. கோயம்புத்தூரில் பிறந்த பேராசிரியர் சி.கே.பிரகலாத் 2004-ல் ஏழைகளையும் வாடிக்கையாளர்களாக மதிக்கச் சொல்லிப் புத்தகம் எழுதினார். அவர் இருந்த அதே மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் அனீல் கர்னானி, சின்ன பாக்கெட் வசதிதானே தவிர அதனால் ஏழையின் வாங்கும் சக்தி கூடிவிடாது என்றார். குப்பையையும் சுட்டிக்காட்டினார். அது நிஜம். வெளியே பாலியெஸ்டர், நடுவில் அலுமினியம், உள்ளே பாலிதீன் என்று ஒட்டிய ஃபிலிமைத் திரும்பப் பிரிப்பது பெரும்பாடு. பழைய பேப்பர்காரர் கூட எடுப்பதில்லை. எங்கள் தெரு அடிபம்பைச் சுற்றி மிதிபடுவதெல்லாம் அம்மா விற்றதுதான். இதற்கு என்னிடம் பதில் இல்லை.

ஒரு சரம் விற்றால் அம்மாவுக்கு ஒன்றரை ரூபாய் நிற்கும். செவ்வாய், வெள்ளி பெண்கள், சனிக்கிழமை ஆண்கள், மற்ற நாள் சரம் சும்மா ஆடும். போன வருஷம் அப்பாவுக்குக் கால் அடிபட்டு மூட்டை தூக்கப் போகாதபோது, என் பரீட்சைக் கட்டணம் முழுக்க நாணயமாகத்தான் போனது. கவுண்டரில், "உண்டியலை உடைச்சியா தம்பி?" என்று சிரித்தார்கள். வரிசையில் நின்றவர்களும் சிரித்தார்கள். எத்தனை சரத்துக்கு அது சமம் என்று அன்றைக்கு பஸ்ஸில் கணக்கு போட்டேன். எண்ணிக்கையை இங்கே எழுத மனசு வரவில்லை.

இப்போதெல்லாம் புதுச் சரம் வந்தால் அம்மா அதைத் தொங்கவிடும் முன் என்னிடம் நீட்டுகிறார். "கண்ணாடி இல்லாம தெரியல, எத்தனை மில்லின்னு போட்டிருக்கான் பாருடா." பார்த்துச் சொல்கிறேன். பழைய சரத்தின் காலி பாக்கெட் ஒன்று கல்லாவுக்குள் பத்திரமாக இருக்கிறது, ஒப்பிட.