பீடியை விட ஏன் இத்தனை பாடு?

தென்காசி, கடையம், ஆலங்குளம் பக்கம் பகலில் எந்தத் தெருவுக்குள் நுழைந்தாலும் மடியில் தட்டை வைத்துப் பெண்கள் பீடி சுற்றிக்கொண்டிருப்பதைப் பார்க்கலாம். ஊறவைத்த இலையை அளவாக வெட்டி, ஒரு சிட்டிகை தூளைப் பரப்பி, உருட்டி, நுனியை மடக்கி, நூலால் கட்டிவிடுவார்கள். ஒரு பீடிக்குள் போகும் புகையிலை சுமார் 0.2 கிராம். சிகரெட்டில் இதைப்போல மூன்று, நான்கு மடங்கு இருக்கும். அதனாலேயே “பீடிதானே, என்ன செய்துவிடும்” என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் பீடி இலையில் காற்று எளிதாக ஊடுருவாது. விட்டுவிட்டு இழுத்தால் அணைந்துபோகும். அணையாமல் இருக்க அடிக்கடி, ஆழமாக இழுக்க வேண்டும். புகையிலை குறைவாக இருந்தும் நிக்கோடினும் கார்பன் மோனாக்சைடும் உள்ளே போவது குறைவதில்லை.

இழுத்த புகையிலிருந்து நிக்கோடின் மூளைக்குப் போய்ச்சேர 10 முதல் 20 வினாடி போதும். நரம்புகளுக்கிடையே செய்தி கடத்தும் அசிட்டைல்கோலின் என்ற பொருளுக்கென்று செல்களில் ஏற்பிகள் உண்டு. நிக்கோடின் அந்த இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. உடனே டோபமின் சுரக்கிறது, மனசுக்கு இதமாக இருக்கிறது. செல்லில் மருந்தை வாங்கிக்கொள்ளும் பொருள் ஒன்று இருக்க வேண்டும் என்று 1905-ல் கேம்பிரிட்ஜ் விஞ்ஞானி லாங்லி முடிவுக்கு வந்ததே நிக்கோடினை வைத்துச் செய்த சோதனைகளில்தான். இன்றைய மருந்தியலின் அடிப்படைகளில் ஒன்று அது.

திரும்பத் திரும்ப நிக்கோடின் வந்து தாக்கும்போது ஏற்பிகள் மரத்துப்போகின்றன. மூளை அவற்றின் எண்ணிக்கையைக் கூட்டுகிறது. பழைய இதம் கிடைக்க இன்னும் அதிகம் தேவைப்படுகிறது. இதுதான் தாங்குதிறன். இரவு தூங்கும் நேரத்தில் ஏற்பிகள் ஓரளவு தெளிந்துவிடுவதால் விடிந்ததும் பிடிக்கும் முதல் பீடிதான் ‘சுருக்’கென்று ஏறும். ரத்தத்தில் இருக்கும் நிக்கோடின் ஏறக்குறைய இரண்டு மணி நேரத்தில் பாதியாகிவிடும். காலியான ஏற்பிகள் கேட்கத் தொடங்கும்போது எரிச்சல், படபடப்பு, எதிலும் மனம் நிலைக்காமை எல்லாம் வரும். இன்பத்துக்காகத் தொடங்கியவர், இந்தத் தவிப்பை அடக்குவதற்காகவே அடுத்த பீடியைப் பற்றவைக்கிறார். இதைச் சார்பு என்கிறது மருத்துவம். “மனசு வைத்தால் விடலாமே” என்று வீட்டில் திட்டுகிறவர்களுக்கு இது தெரிய வேண்டும்.

குற்றாலத்தில் சாரல் நாட்களில் குளிருக்கு இதம் என்று பீடி பற்றவைப்பவர்களைப் பார்க்கலாம். நடப்பது நேர்மாறு. நிக்கோடின் தோலின் ரத்தக் குழாய்களைச் சுருக்குகிறது. விரல் நுனிகள் இன்னும் குளிர்ந்துதான் போகும்.

வாழ்நாளில் ஒரு பீடியும் பிடிக்காத பெண்களின் உடம்பிலும் நிக்கோடின் ஏறுகிறது என்பதுதான் எனக்கு ஆறாத வருத்தம். ஈரக் கையால் தூளை அள்ளும்போது தோல் வழியாகவும், பறக்கும் தூசியை மூச்சில் இழுப்பதாலும் அது உள்ளே போகிறது. பீடித் தொழிலாளர்களின் சிறுநீரைச் சோதித்த இந்திய ஆய்வாளர்கள், நிக்கோடின் சிதைந்து உண்டாகும் கோட்டினைனை அதில் கண்டிருக்கிறார்கள். கூலி ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்பதால், உறை மாட்டிக்கொண்டு கை வேகத்தைக் குறைத்துக்கொள்ள யாருக்கும் கட்டுப்படியாகாது. தட்டுக்குப் பக்கத்தில் குழந்தையைக் கிடத்தாமல் இருப்பதும், கையைச் சோப்பு போட்டுக் கழுவிவிட்டுச் சாப்பிடுவதும் மட்டுமாவது உடனே முடியும்.

விட நினைப்பவர்களுக்கு முதல் இரண்டு, மூன்று நாட்கள்தான் கடும் சோதனை. பிறகு தவிப்பு படிப்படியாக இறங்கும். சில வாரங்களில் ஏற்பிகளின் எண்ணிக்கையும் பழைய நிலைக்குத் திரும்பும். நிக்கோடின் சூயிங்கம், ஒட்டுப்பட்டை, வேரனிக்கிளின், புப்ரோபியான் மாத்திரைகள் எல்லாம் மருத்துவர் ஆலோசனையோடு பயன்படுத்தத் தக்கவை. தேசியப் புகையிலை விடுப்பு உதவி எண் 1800-112-356; கட்டணம் கிடையாது.

டீக்கடைக்காரர்கள் சொல்லாத ஒன்றும் உண்டு. புகையில் உள்ள சில பொருட்கள் கல்லீரலைத் தூண்டி டீயின் கஃபீனை வேகமாக வெளியேற்றுகின்றன. பீடியை நிறுத்தியதும் கஃபீன் உடம்பில் அதிக நேரம் தங்கி, தூக்கத்தைக் கெடுத்துப் படபடப்பைக் கூட்டும். பலர் அதையும் பீடி இல்லாத தவிப்பு என்று எடுத்துக்கொண்டு மறுபடி பெட்டிக்கடைக்குப் போய்விடுகிறார்கள். அந்த வாரங்களில் டீயைப் பாதியாகக் குறைத்துக்கொள்ளுங்கள்.