ஆங்கிலமும் வாழ்வுத் திறனும்

ஊரையும் உறவையும் விட்டு மைசூருக்கு வந்த நமக்குப் பிள்ளைகளின் கல்வியே சொத்து. பட்டம் பெற்றால் உத்தியோகம் தானே வரும் என்று நாம் நம்புகிறோம். ஆயினும், விடை தெரிந்திருந்தும் நேர்முகத் தேர்வில் நாவெழாமல் நிற்கும் இளைஞர் நம்மிடையே பலர் என்பது கண்கூடு.

இஃது அறிவுக் குறைவன்று, பயிற்சிக் குறைவே. இந்நகரின் ஹெப்பாளில் இன்போசிஸ் நிறுவனத்தின் உலகக் கல்வி மையம் 2005 முதல் இயங்கி வருகிறது. பொறியியல் பட்டம் பெற்றோருக்கே அங்குக் கணினி நுட்பத்துடன் உரையாடும் முறையும் கற்பிக்கப்படுகிறது. எனில், நம் பிள்ளைகள் பள்ளிப் பருவத்திலேயே பழக வேண்டும் என்று கூறவும் வேண்டுமோ?

ஒருமுறை தவறியவர் என்றும் தவறியவர் அல்லர். 1906 இல் சென்னைத் தமிழ்க் குடும்பத்தில் பிறந்த ஆர். கே. நாராயண், கல்லூரிப் புகுமுகத் தேர்வில் ஆங்கிலத்திலேயே தவறினார். பின்னர் மைசூரு மகாராஜா கல்லூரியில் பயின்று, ஆங்கில நாவலுக்கு 1960 இல் சாகித்திய அக்காதெமிப் பரிசும் பெற்றார்.

நிற்க. மொழி மட்டும் போதாது. தன்னை அறிதல், பிறர் மனமறிதல், முடிவெடுத்தல், சிக்கல் தீர்த்தல், மன அழுத்தத்தைத் தாங்குதல் முதலிய பத்தினை வாழ்வுத் திறன்களென உலகச் சுகாதார நிறுவனம் 1990களில் வகுத்தது. பல்கலைக்கழக மானியக் குழுவும் 2019 இல் பட்ட வகுப்புகளுக்கு இத்தகைய பாடத்திட்டம் ஒன்றை வெளியிட்டது. வங்கிக்கும் அஞ்சலகத்துக்கும் பிள்ளையைத் தனியே அனுப்புவதும், மாத வரவுசெலவை எழுதச் சொல்வதும் இத்திறன்களை வளர்க்கும். எல்லாவற்றையும் நாமே செய்துகொடுத்தால் அவை வளரா.

ஆங்கிலம் வர வேண்டுமென்று வீட்டில் தமிழை விலக்குவோரும் உளர். அது வேண்டா. கல்வி தொடங்குவதற்குத் தாய்மொழியே சிறந்தது என யுனெஸ்கோ 1953 இலேயே அறிவித்தது. வீட்டில் தமிழும் தெருவில் கன்னடமும் பேசும் குழந்தைக்கு மற்றொரு மொழி பாரமன்று.

இதற்குப் பெரும் பொருட்செலவு தேவையில்லை. நாள்தோறும் கால்மணி நேரம் ஆங்கில நாளிதழின் செய்தி ஒன்றைப் பிள்ளை உரக்கப் படிக்கட்டும். தாளை மடித்து வைத்துவிட்டுத் தன் சொற்களில் ஆங்கிலத்தில் கூறட்டும். பிறகு ஆங்கிலமறியாத தாய்க்கோ பாட்டிக்கோ தமிழில் விளக்கட்டும். ஞாயிறுதோறும் சங்கங்களில் பிள்ளைகளைக் கூட்டி, ஒருவர் கேட்க ஒருவர் விடையளிக்கும் நேர்முகப் பயிற்சியும் நடத்தலாம். உத்தியோகத்திலுள்ள பெரியோர் வினவுவோராக அமர்ந்தால் பயன் மிகும்.

பிழை கண்டு நகையாதிருப்பதே நம் முதற் கடமை. வீட்டில் கூச்சம் நீங்கிய பிள்ளை, அயலார் முன் அஞ்சாது பேசும்.