வண்டி எழுதும் பரீட்சை

மாணவச் செல்வங்களே! பரீட்சை உங்களுக்கு மட்டும்தான் என்று நினைத்துக் கொண்டிருக்கிறீர்களா? உங்கள் வீட்டு மோட்டார் சைக்கிளுக்கும் பரீட்சை உண்டு. பாஸ் செய்தால் சான்றிதழும் உண்டு. அப்பாவிடமோ அம்மாவிடமோ கேட்டுப் பாருங்கள். ஆர்.சி., இன்சூரன்ஸ் தாள்களோடு இன்னொரு தாளையும் எடுத்துக் காட்டுவார்கள். ‘பொல்யூஷன் சர்டிபிகேட்’ என்று பெரியவர்கள் சொல்வது அதைத்தான்.

உங்கள் பரீட்சையில் நீங்கள் எழுதியதைத் திருத்துவார்கள். வண்டியின் பரீட்சையில் அது விடும் மூச்சை அளப்பார்கள். அந்தப் பரீட்சையிலும் காப்பியடித்து, உலகமே பார்க்க மாட்டிக்கொண்ட கார்கள் உண்டு. அந்தக் கதைக்குப் போகும் முன், வண்டியின் மூச்சில் என்ன இருக்கிறது என்று பார்த்துவிடுவோமா?

புகைக்குள் யார் யார்?

பெட்ரோல் எரியக் காற்று வேண்டும். ஒரு கிலோ பெட்ரோல் முழுமையாக எரிய ஏறக்குறைய 15 கிலோ காற்று தேவை! எல்லாம் ஒழுங்காக எரிந்தால் கார்பன் டை ஆக்சைடும் நீராவியும் மட்டுமே உண்டாகும். ஆனால், இன்ஜினுக்குள் கண் இமைக்கும் நேரத்தில் எரிந்து முடிய வேண்டுமே! அவசரமாக வடித்த சோறு போல, கொஞ்சம் வெந்தும் கொஞ்சம் வேகாமலும் போய்விடுகிறது.

அப்படி அரைகுறையாக எரியும்போது பிறப்பதுதான் கார்பன் மோனாக்சைடு. இதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. நம் ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமந்து செல்லும் ஹீமோகுளோபினை, ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். பஸ்ஸில் இடம் பிடித்து உட்கார்ந்து, கடைசி நிறுத்தம் வரை எழுந்திருக்காத ஆளைப் போல! ஆக்சிஜனுக்கு இடம் கிடைக்காமல் போய்விடும். அதனால், கதவு மூடிய ஷெட்டுக்குள் யாரும் வண்டியை ஓடவிடக் கூடாது. இதை இன்றே மனதில் எழுதிக்கொள்ளுங்கள்.

எரியாமல் தப்பி வரும் பெட்ரோல் ஆவியின் பெயர் ஹைட்ரோகார்பன். இன்ஜினின் கடும் சூட்டில், காற்றிலுள்ள நைட்ரஜனும் ஆக்சிஜனும் சேர்ந்து நைட்ரஜன் ஆக்சைடுகளாகின்றன. டீசல் வண்டி என்றால் கரித்துகளும் கூட வரும்.

அன்னாசிப்பழ விஞ்ஞானி

1943 ஜூலை மாதம், அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸ் நகரத்தில் ஒருநாள் திடீரென்று காற்று மங்கியது. கண் எரிந்தது, தொண்டை கமறியது. இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த நேரம் அது. எதிரிகள் விஷவாயு போட்டுவிட்டார்களோ என்றுகூடச் சிலர் பயந்தார்கள். எதிரி யார் என்று தெரியவே பல ஆண்டுகள் ஆகின.

கண்டுபிடித்தவர் ஏரி ஹாகென்-ஸ்மிட். நெதர்லாந்து நாட்டிலிருந்து அமெரிக்கா சென்று, கால்டெக் கல்வி நிறுவனத்தில் பேராசிரியராக இருந்தவர். அவர் செய்துகொண்டிருந்த ஆராய்ச்சி என்ன தெரியுமா? அன்னாசிப்பழத்தின் வாசனை எதனால் வருகிறது என்பது! வாசனையைப் பிரித்தறியும் அதே முறையில் நகரத்தின் காற்றையும் பிரித்துப் பார்த்தார். கார்களும் எண்ணெய் ஆலைகளும் விடும் ஹைட்ரோகார்பனும் நைட்ரஜன் ஆக்சைடும் சூரிய ஒளியில் கலந்து ஓசோனாக மாறுகின்றன என்று 1950-களின் தொடக்கத்தில் விளக்கினார். வானத்தின் உயரத்தில் ஓசோன் நமக்குக் குடை. தரைக்கு அருகே வந்தால் நுரையீரலைப் புண்ணாக்கும் பகைவன்.

விஷவாயு போட்டது வேறு நாடு அல்ல. ஊர்க்காரர்களின் சொந்தக் கார்களும் அதில் பங்காளிகள்!

சைலன்சர் குழாயில் ஒரு தேன்கூடு

புகையைச் சுத்தம் செய்ய வழி தேடியவர்களில் ஒருவர், பிரான்சில் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்த யூஜின் ஹூட்ரி என்ற பொறியாளர். 1950-களில் அவர் உருவாக்கியதுதான் ‘கேட்டலிடிக் கன்வெர்ட்டர்’. அறிவியல் பாடத்தில் வினையூக்கி என்று படிப்பீர்கள் அல்லவா? கல்யாணத் தரகரை நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டு வீட்டாரையும் சேர்த்து வைப்பார். அவர் மட்டும் மாறாமல் அடுத்த கல்யாணத்துக்குக் கிளம்பிவிடுவார்! வினையூக்கியும் அப்படித்தான்.

இன்றைய கார்களில் இது தேன்கூடு போன்ற ஒரு பீங்கான் கட்டி. அதன் நுண்ணிய துளைகளில் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் என்ற விலை உயர்ந்த உலோகங்களை மெல்லியதாகப் பூசியிருப்பார்கள். புகை அந்தத் துளைகள் வழியே போகும்போது கார்பன் மோனாக்சைடு, கார்பன் டை ஆக்சைடாகிறது. ஹைட்ரோகார்பன் எரிந்து, கார்பன் டை ஆக்சைடும் நீராவியுமாகிறது. நைட்ரஜன் ஆக்சைடு பிரிந்து, மறுபடியும் சாதாரண நைட்ரஜனாகிறது.

ஆனால், அந்தக் காலத்துப் பெட்ரோலில் ஈயம் கலந்திருந்தார்கள். ஈயம் பட்டால் இந்தத் தேன்கூடு செத்துவிடும். அதனால் தன் கண்டுபிடிப்பு கார்களில் பரவலாக வந்ததைப் பார்க்காமலேயே 1962-ல் ஹூட்ரி காலமானார். அமெரிக்காவில் 1970-ல் கடுமையான காற்றுச் சட்டம் வந்தது. அதன் பிறகே, 1975-ஆம் ஆண்டு மாடல் கார்களில் இது பெருமளவில் இடம்பிடித்தது. நம் நாட்டில் 1995-ல் டெல்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை ஆகிய 4 நகரங்களில் தொடங்கினார்கள். 2000-ல் நாடு முழுவதும் ஈயப் பெட்ரோல் நின்றது. குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும் நஞ்சு ஈயம். எனவே, அது போனதில் நமக்கு இரட்டை லாபம்.

அடுத்தது சத்தம். இன்ஜினில் நடப்பது வரிசையான வெடிப்புகள். சைலன்சருக்குள் உள்ள அறைகளிலும் ஓட்டைக் குழாய்களிலும் முட்டி மோதி, அந்த வெடிச்சத்தம் அடங்கிப் போகிறது. நாம் வெறும் குழாய் என்று நினைக்கும் பொருளுக்குள் எவ்வளவு வேலை நடக்கிறது, பாருங்கள்!

பரீட்சை ஹால்

நல்ல கருவியைப் பொருத்திவிட்டால் போதுமா? அது வேலை செய்கிறதா என்று அவ்வப்போது பார்க்க வேண்டாமா? கலிபோர்னியா மாநிலத்தில் 1984-ல் ‘ஸ்மாக் செக்’ என்ற சோதனை வந்தது. அங்கே புகையை மட்டும் அளப்பதில்லை. வண்டிக்கு அடியில் குனிந்து, கம்பெனி பொருத்திய கருவிகள் அப்படியே இருக்கின்றனவா என்றும் பார்ப்பார்கள். புகையைப் பாதிக்கக்கூடிய வேறு பாகம் மாட்டியிருந்தால், அதற்கு மாநிலக் காற்று வாரியத்தின் அனுமதி எண் இருக்க வேண்டும். இல்லையென்றால் பெயில்!

நம் நாட்டில் மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-ல் வந்தன. புது வண்டி வாங்கி ஓராண்டு ஆனபின் சான்றிதழ் கட்டாயம். பழைய வண்டிகளுக்கு அது 6 மாதம் செல்லும். பி.எஸ்.-4, பி.எஸ்.-6 வகை வண்டிகளுக்கு ஓராண்டு செல்லும். சோதனை மையத்தில் பெட்ரோல் வண்டியை நின்ற இடத்திலேயே ஓடவிட்டு, புகைக்குழாயில் ஒரு குழலை நுழைத்து, கார்பன் மோனாக்சைடையும் ஹைட்ரோகார்பனையும் அளப்பார்கள். டீசல் வண்டி என்றால், ஆக்சிலேட்டரை மிதித்துப் புகை எவ்வளவு அடர்த்தி என்று பார்ப்பார்கள். சில நிமிடங்களில் வேலை முடிந்துவிடும்.

சில நிமிடங்கள்தான். மீதி நாட்களில் வண்டி எப்படி மூச்சு விடுகிறது என்று யார் பார்ப்பது? இங்கேதான் நம் காப்பியடித்த கார் வருகிறது.

மாட்டிக்கொண்ட கதை

2013-ல் அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் சிலர், டீசல் கார்களைச் சோதிக்க முன்வந்தார்கள். அந்தக் குழுவில் நம் நாட்டிலிருந்து சென்ற அரவிந்த் திருவேங்கடமும் ஹேமந்த் கப்பண்ணாவும் இருந்தார்கள். அதுவரை அரசு சோதனை நடந்தது ஆய்வுக்கூடத்தில்தான். கார் உருளைகளின் மேல் நிற்கும், சக்கரம் சுழலும், கார் நகராது. இவர்களோ அளக்கும் கருவிகளைக் காருக்குள்ளேயே ஏற்றிக்கொண்டு சாலைக்குப் போய்விட்டார்கள். ஒரு காரை லாஸ் ஏஞ்சலஸிலிருந்து சியாட்டில் நகரம் வரை ஓட்டிச் சென்று திரும்பினார்கள்.

3 கார்களைச் சோதித்தார்கள். அவற்றில் 2 வோக்ஸ்வேகன் கார்கள். ஆய்வுக்கூடத்தில் நல்ல பிள்ளைகளாக இருந்த அவை, சாலையில் வேறு முகம் காட்டின. ஒன்றில் நைட்ரஜன் ஆக்சைடு அனுமதித்த அளவைப் போல 15 முதல் 35 மடங்கு வந்தது! முதலில் தங்கள் கருவியில்தான் கோளாறோ என்று சந்தேகப்பட்டார்கள். மறுபடி மறுபடி சரிபார்த்தார்கள். கருவி சரியாகவே இருந்தது.

2015 செப்டம்பரில் உண்மை வெளிவந்தது. காரின் கம்ப்யூட்டரில் ஒரு தந்திரக் கட்டளை ஒளிந்திருந்தது. சக்கரம் சுழல்கிறது, ஆனால் ஸ்டீயரிங் திரும்பவில்லை என்றால், ‘ஓகோ, இது பரீட்சை ஹால்’ என்று கார் புரிந்துகொள்ளும். வேகத்தையும் நேரத்தையும்கூடக் கவனிக்கும். உடனே புகையைச் சுத்தம் செய்யும் வேலையை முழுமையாகச் செய்யும். சாலைக்கு வந்ததும் அந்த வேலையைக் குறைத்துவிடும்! உலகம் முழுவதும் சுமார் 1 கோடியே 10 லட்சம் கார்களில் இந்தத் தந்திரம் இருந்தது. இந்தியாவிலும் 3 லட்சத்துக்கும் மேற்பட்ட கார்களைத் திரும்ப அழைத்துச் சரிசெய்வதாக நிறுவனம் அறிவித்தது. அமெரிக்க நீதிமன்றத்தில் 2017-ல் குற்றத்தை ஒப்புக்கொண்டது. 280 கோடி டாலர் அபராதம் கட்டியது. அதிகாரிகள் சிலர் சிறைக்கும் போனார்கள்.

இதில் ஒரு நன்மையும் விளைந்தது. பரீட்சை ஹால் சாலைக்கு வந்துவிட்டது! இந்தியாவிலும் 2023 ஏப்ரல் முதல், புதிய கார் மாடல்களைச் சாலையில் ஓட்டிப் பார்த்தும் புகையை அளக்க வேண்டும் என்று விதி வந்தது.

நம் தெருவில்…

அந்த நிறுவனம் கம்ப்யூட்டரில் செய்ததை, நம் தெருவில் சில அண்ணன்மார் ஸ்பேனரால் செய்கிறார்கள்! கம்பெனி சைலன்சரைக் கழற்றிவிட்டு, ‘படபட’ என்று வெடிக்கும் குழாயை மாட்டுகிறார்கள். சோதனை நாளில் மட்டும் பழைய சைலன்சர் திரும்பி வரும். பல பைக்குகளில் அந்த விலை உயர்ந்த தேன்கூடு, சைலன்சரோடு சேர்ந்த குழாயில்தான் இருக்கிறது. சைலன்சரைத் தூக்கி எறியும்போது அதுவும் சேர்ந்து போய்விடுகிறது. சத்தம் ஊருக்கே கேட்கிறது. கூடவே வரும் நச்சுக்காற்று யார் கண்ணுக்கும் தெரிவதில்லை.

சத்தக் கணக்கையும் தெரிந்துகொள்ளுங்கள். 2005-ல் நடைமுறைக்கு வந்த விதிப்படி, 175 சி.சி.க்கு மேற்பட்ட புது பைக்குகள் தயாரிப்பு நிலையில் 80 டெசிபலைத் தாண்டக் கூடாது. 80 எங்கே, 90 எங்கே, பத்துதானே வித்தியாசம் என்று நினைக்காதீர்கள். டெசிபலில் 10 கூடினால் ஒலியின் ஆற்றல் 10 மடங்கு! தொட்டிலில் தூங்கும் பாப்பாவையும், இதய நோயில் படுத்திருக்கும் தாத்தாவையும் கேளுங்கள்; சொல்வார்கள்.

சட்டம் சும்மா இருக்கிறதா? இல்லை. எல்லா மோட்டார் வண்டிக்கும் சத்தத்தைக் குறைக்கும் சைலன்சர் கட்டாயம் என்று விதி இருக்கிறது. 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டப்படி, காற்று, ஒலி மாசு விதிகளை மீறி வண்டி ஓட்டினால் முதல் முறையே 10,000 ரூபாய் வரை அபராதமோ, 3 மாதம் வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கலாம். லைசென்சும் 3 மாதம் பறிபோகும். விதிக்குப் புறம்பாக வண்டியை மாற்றியமைக்கும் உரிமையாளருக்கு, ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, 6 மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். பல நகரங்களில் போலீசார் இப்படிப்பட்ட சைலன்சர்களைப் பறித்து, ரோடு ரோலர் ஏற்றி நசுக்கியும் இருக்கிறார்கள்.

ஆனாலும் ஒன்று சொல்கிறேன். எல்லாத் தெருமுனையிலும் போலீஸ் நிற்க முடியாது. உங்கள் பள்ளியில் காப்பியடிக்கும் மாணவன் தன்னைத்தான் ஏமாற்றிக்கொள்கிறான். வண்டி காப்பியடித்தாலோ, பின்னால் நின்று மூச்சு விடுகிறவர்கள் அத்தனை பேரும் ஏமாந்து போகிறார்கள். அவர்களில் முன்வரிசையில் நிற்பது யார்? நீங்கள்தான்! குட்டையாக இருப்பதால், புகைக்குழாய்க்குப் பக்கத்தில் இருப்பது உங்கள் மூக்குதானே?

ஆகவே, செல்வங்களே! சிக்னலில் வண்டிக்குப் பின்னால் ஒட்டி நிற்காதீர்கள். ஓடி நின்ற வண்டியின் சைலன்சரைத் தொடாதீர்கள், தோல் வெந்துவிடும். இன்று மாலை, வீட்டு வண்டியின் சான்றிதழை வாங்கி, எந்தத் தேதி வரை செல்லும் என்று பாருங்கள். அந்தத் தேதியைக் காலண்டரில் வட்டமிட்டு வையுங்கள். உங்கள் பரீட்சைத் தேதியை வீட்டில் மறக்கிறார்களா என்ன? வண்டியின் பரீட்சைத் தேதியை நீங்கள் மறக்காதீர்கள்!