ஒலிப்பதிவின் முதற்பாடம்

பேசிய பேச்சுக் காற்றோடு போயிற்று என்பது உலக வழக்கு. 1877-ஆம் ஆண்டில் எடிசன் போனோகிராப் என்னும் கருவியை இயற்றிய பின்னர், பதிந்த குரலை மீண்டும் ஒலிக்கச் செய்யும் வழி பிறந்தது. இற்றை நாளில் மாணாக்கர் கையிலுள்ள செல்பேசியே அத்தொழிலைச் செய்கின்றது. ஆயினும் கருவியிருந்தும் முறையறியாமையால் நல்ல குரல்கள் பல கெடுகின்றன. ஆதலின் பதிதல், தொகுத்தல், கலத்தல் என்னும் மூன்றனையும் ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

முதலாவது பதிதல். வெற்றுச் சுவர்களையுடைய கூடத்தில் குரலோடு எதிரொலியும் மைக்கினுட் புகும். திரைச்சீலையும் மெத்தையும் உள்ள சிற்றறையே நன்று. மின்விசிறியை நிறுத்துக. மைக்கை வாய்க்கு ஒரு சாண் தொலைவில், சற்றே ஒருபுறமாக வைக்க. நேரே வைப்பின் பகரம் வருந்தோறும் மூச்சு மோதி 'டப்' என ஒலிக்கும். தொலைவு இருமடங்காயின் நேரே வரும் குரல் ஏறத்தாழ 6 டெசிபெல் குறையும். அறையின் எதிரொலியோ அவ்வளவு குறையாது. டிஜிட்டல் பதிவில் 0 டெசிபெல்லே மேல்வரம்பு. அதனைக் கடந்த ஒலியின் முகடு வெட்டுண்டு கரகரக்கும். அப்பழுதைப் பின்னர் முற்றும் நீக்கலாகாது. ஆதலின் மிக உரத்த இடமும் வரம்பிற்கு 6 முதல் 12 டெசிபெல் வரை தாழ்ந்து நிற்குமாறு முன்னரே சோதித்து அமைக்க. இறுதியில் எவரும் பேசாதிருக்க, அறையின் அமைதியை மட்டும் அரை நிமிடம் பதிந்து கொள்க.

இரண்டாவது தொகுத்தல். முன்னாளில் காந்த நாடாவைச் சவர அலகினால் வெட்டி ஒட்டினர். இன்று ஆடாசிட்டி போன்ற இலவச மென்பொருளால் அதனை எளிதிற் செய்யலாம். மூலத்தைப் பத்திரமாக வைத்து, நகலிலேயே கைவைக்க. சொல்லின் நடுவே வெட்டாது, சொற்களுக்கு இடையே வெட்டுக. வெட்டிய இடம் திடீரென ஊமையாகத் தோன்றின், முன்னர்ப் பதிந்த அறையமைதியை அங்கே இட்டு நிரப்புக. மூச்சொலி யாவையும் களையற்க. களைந்தால் பேச்சு உயிரற்றதாகும்.

மூன்றாவது கலத்தல். குரல், வயலின், மிருதங்கம் ஆகியன தனித்தனியே பதியப்பட்டிருப்பின், முதலிற் குரலின் அளவை நிறுத்தி, ஏனையவற்றை ஒவ்வொன்றாகக் கூட்டுக. குரல் தெளியாவிடத்து அதனை உயர்த்துமுன், அதனை மறைப்பது யாதெனத் தேர்ந்து தாழ்த்துக. ஹெட்போனிலும் ஸ்பீக்கரிலும் மெல்லிய ஒலியளவில் கேட்டு முடிவு செய்க.

இம்மூன்றனுள் முதலதே தலையாயது. பதிவிற் கெட்டதைப் பிறகு வரும் இரண்டும் திருத்தமாட்டா. மாணவ அன்பர்காள்! நும் இல்லத்து முதியோர் பாடும் தாலாட்டையும் கூறும் கதைகளையும் வரும் விடுமுறையிலேயே பதிந்து வைக்க. தொகுப்புத் தவறின் மீண்டும் தொகுக்கலாம். மறைந்த குரலை மீண்டும் பதிதல் ஒல்லுமோ?