பிசிறு பார்க்கும் கருவி

தறியிலிருந்து இறக்கிய துணியில் கிழிசல் இல்லாதிருக்கலாம், நூற்பிசிறு இருக்கும். சி மொழி நிரல்களில் அத்தகைய பிசிறுகளைத் தேடப் பெல் ஆய்வகத்தின் சுடீவன் சான்சன் 1978இல் அளித்த கருவிக்குப் பிசிறு என்றே பொருள்படும் ‘லிண்ட்’ என்னும் பெயர் அமைந்தது. இருபது ஆண்டுகள் கழித்து அப்பெயரோடு டெபியனின் பெயரும் கலந்து பிறந்தது லிண்டியன். 1998இல் கிறித்தியன் சுவார்ட்சும் இரிச்சர்டு பிராக்மனும் பெர்ல் மொழியில் அதனை எழுதினர்.

1993இல் இயன் மர்டாக் தொடங்கிய கட்டற்ற இயங்குதளம் டெபியன். 2023இல் வெளிவந்த அதன் 12ஆம் பதிப்பில் 64,000க்கும் மேற்பட்ட மென்பொருள் பொதிகள் இருந்தன. பல நாடுகளில் வாழும் தன்னார்வலர் ஆக்கிய இப்பொதிகள் ஒரே கணினியில் ஒன்றோடொன்று முட்டாமல் அமர வேண்டும். அதற்கென ஒரு விதிநூல் உண்டு, நீண்ட நூல். அதை முழுதும் நினைவில் வைத்திருப்பவர் அரியர். அந்நினைவின் பெரும்பகுதியைப் பொறியிடம் ஒப்படைத்ததன் விளைவே லிண்டியன்.

டெபியன் பொதி ஒன்றைப் பிரித்தால் உள்ளே மூன்று உறுப்புகள் கிடைக்கும். முதலாவது, 2.0 என்னும் வடிவ எண்ணை மட்டும் தாங்கிய சிறு கோப்பு. இரண்டாவதில் பெயரும் பதிப்பும் சார்புகளும் நிறுவுகையில் ஓடும் குறுநிரல்களும் இருக்கும். மூன்றாவது, கணினியில் சென்று அமரவேண்டிய கோப்புகளின் மூட்டை. லிண்டியன் இவற்றில் எதையும் இயக்கிப் பார்ப்பதில்லை, படித்துப் பார்க்கிறது. உரிமக் குறிப்பு உண்டா, கட்டளைக்குக் கையேட்டுப் பக்கம் உண்டா, கோப்பின் அனுமதிகள் முறையானவையா என்று துருவுகிறது. கண்டதைப் பிழை, எச்சரிக்கை, தகவல் எனத் தரம் பிரித்து அறிவிக்கிறது. குற்றம் பார்க்கின் சுற்றமில்லை என்பது தெரிந்தோ என்னவோ, மிக நுண்ணிய குறைகளைத் தனி வகையாக்கி, கேட்டால் மட்டுமே காட்டுகிறது.

பிழை காண்பது இத்தகைய கருவிக்கு எளிது; வீண்பழி சுமத்தாதிருப்பதே அரிது. ஓர் எடுத்துக்காட்டு. இயங்குகோப்பினுள் பொதிந்திருக்கும் சொற்களிலும் எழுத்துப்பிழை தேடுவது லிண்டியனின் வழக்கம். 64 பிட்டு இன்டெல் வகைச் செயலியில் 74, 45 என்னும் பதினாறடிமான எண்ணிணைக்குச் ‘சமமெனில் 69 பைட்டு தாண்டிச் செல்’ என்பது பொருள். அடுத்து வரும் கட்டளை 48 எனத் தொடங்குவது மிக இயல்பு. இம்மூன்றையும் எழுத்துகளாகப் படித்தால் டி, இ, எச்! ஆங்கிலத்தில் ‘தி’ என எழுத வந்தவர் கைதவறி எழுத்துகளை மாற்றிவிட்டார் என்று லிண்டியன் முறையிடும். அங்கே எழுதியவரும் இல்லை, சொல்லும் இல்லை. செயலிக்கான கட்டளை மட்டுமே உண்டு.

இதற்கெனவே விலக்குக் கோப்பு என்னும் ஏற்பாடு உள்ளது. ‘இக்குறிப்பு இங்கே பொருந்தாது’ என்று பொதியைப் பேணுபவர் அதில் ஒரு வரி எழுதி, காரணத்தை மேல்வரியில் குறித்துப் பொதியினுள்ளேயே வைத்துவிடலாம். கருவியின் உள்ளமைப்பில் எனக்கு மிகப் பிடித்தது இதற்கடுத்த படி: விலக்கு எழுதிய காரணம் பின்னாளில் மறைந்துபோனால், பயனற்ற விலக்கு கிடக்கிறது என்பதையும் லிண்டியனே அறிவிக்கும்.

2009இல் இக்கருவியின் சொல்லுக்கு வலிமை கூடியது. குறிப்பிட்ட சில குறைகள் தென்பட்டால் டெபியன் களஞ்சியத்தின் வாயிலிலேயே பொதி தானாகத் திருப்பி அனுப்பப்படும் என்னும் முறை வந்தது. அவற்றுள் சிலவற்றுக்கு விலக்கு செல்லும், சிலவற்றுக்குச் செல்லாது. அதுவரை எரிச்சல் மட்டுமே ஊட்டிய தவறான குறிப்பு, அன்று முதல் ஒருவரது உழைப்பைத் தடுத்து நிறுத்தவும் கூடும்.

விதிகளோ நின்ற இடத்தில் நிற்பவை அல்ல. முதன்மை அடைவின்கீழ் நேரே வைக்கப்பட்ட நூலகக் கோப்புகள் அண்மை ஆண்டுகளில் ‘யுஎஸ்ஆர்’ அடைவுக்குள் இடம்பெயர்ந்தன. நேற்று முறையாயிருந்த இடம் இன்று முறைகேடு. விதி மாறுந்தோறும் சோதனையை மாற்றி எழுதுவது பராமரிப்பாளரின் ஓயாத வேலை. மாற்றியது சரிதானா என்பதைக் காட்ட, வேண்டுமென்றே பழுதாக்கிய குட்டிப் பொதிகள் கருவியின் மூலநிரலோடு பேணப்படுகின்றன. உரிமக் குறிப்பு இல்லாதது ஒன்று, அனுமதி பிறழ்ந்தது ஒன்று என அவை நீளும். ஒவ்வொன்றும் எந்தக் குறிப்பை எழுப்ப வேண்டும் என்பது முன்னரே எழுதப்பட்டிருக்கும்; ஒன்று கூடினாலும் குறைந்தாலும் தேர்வு தோற்கும். நல்லெண்ணத்தோடு யாரேனும் அக்குட்டிப் பொதியின் பழுதைத் திருத்திவிட்டாலும் தோற்கும்.